திரைக்கு வெளியே 'எப்போதும்'

வால்டிவியாவில் என் மேசைத் திரை
இருபத்தேழு அங்குலம்.
கேள்விகள் ஏழு வரியாக,
பதில்கள் ஐந்து பத்தியாக,
முப்பத்தைந்து வட்டங்கள்
கழுவிக் கவிழ்த்த தட்டுகள் போல.
'ஒருபோதும் இல்லை' இடது ஓரம்.
'எப்போதும்' வலது ஓரம்.
நடுவில் மூன்று சமாதானங்கள்.
ரெனாத்தோ எட்டிப் பார்த்து
அழகு என்றான்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கெய்யோன் துறைமுகத்துச் சால்மன் ஆலைக்கு
இணைப்பு போயிற்று.
வேலை நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறதா?
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் தந்தார்கள்.
'அடிக்கடி' என்று ஆறு பேர்.
'எப்போதும்' என்று நான்கு பேர்.
மற்ற எல்லாருக்கும் வலி
'சில நேரம்' வரை வந்து நின்றுவிட்டது.
மேலாளர் நன்றி எழுதினார்,
மூன்று வியப்புக்குறி போட்டு.

எனக்குச் சந்தேகம் வந்தது என்று சொன்னால் பொய்.
வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது:
அந்தப் பத்துப் பேரும்
கணக்குப் பிரிவின் கணினியில் பதில் சொன்னவர்கள்.
மீன் வெட்டுகிறவர்கள் அத்தனை பேரும் கைப்பேசியில்.
அகலம் முந்நூற்று அறுபது புள்ளி.

என் கேள்வியை என் கைப்பேசியில் திறந்தேன்,
முதல் முறையாக.
(இதை அறிக்கையில் எழுதவில்லை.)
மூன்று பத்தி தெரிந்தது.
நான்காவதின் விளிம்பு கூடத் தெரியவில்லை,
அவ்வளவு நேர்த்தியான வெட்டு.

பேருந்து, சக்காவோ நீரிணையில் படகு, மறுபடி பேருந்து.
ஒத்திலியா நவெல்கினுக்கு
இடைவேளை பதினோரு நிமிடம்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.
ஈரத்தில் வெளுத்த கட்டைவிரலை
விரல் என்று ஒப்புக்கொள்ளவில்லை திரை.
தொடையில் துடைத்து மறுபடி தொட்டாள்.
வட்டம் உளுந்தளவு.
மூன்றாம் வரியைத் தொட்டால்
நான்காம் வரி நிறைந்தது.
சிக்னல் போனது.
முதலிலிருந்து.

வலப்பக்கம் தள்ளிப் பார்க்கவில்லையா, என்றேன்.
அங்கே என்ன இருக்கிறது?
'அடிக்கடி'. 'எப்போதும்'.
திரையைப் பார்த்தாள், பிறகு என்னை.
"மூன்றில் ஒன்றைக் கேட்டீர்கள், சொன்னேன்.
நான்காவது உண்டென்று யார் சொன்னது?
இங்கே கேட்டதற்கு மேல் பேசினால்
இடைவேளை முடிந்துவிடும்."
முடிந்தது.
கடைசிக் கேள்வி பாதியில் நின்றது.

திரும்பும் படகில் கட்டங்களை உடைத்தேன்.
ஒரு திரைக்கு ஒரு கேள்வி.
பதில்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக,
வரி முழுதும் எங்கே தொட்டாலும் போதும்.
நழுவும் குமிழ் வேண்டாம்; யாரும் தொடாமல்
அது நடுவில் நிற்பதைத்தான்
நடுநிலை என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.
'அழி', 'அனுப்பு'க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.
சிக்னல் போனாலும்
சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்.
'மற்றும்' வந்த கேள்வியை இரண்டாக வெட்டினேன்,
அவர்கள் மீன் வெட்டும் வேகத்தில் அல்ல.
அப்போதும் 'எப்போதும்' அடியில் மறைந்தது.
அதை உள்ளே கொண்டுவர
தலைப்புப் படத்தை எடுக்க வேண்டியிருந்தது:
சிரிக்கிற தொழிலாளி, சுத்தமான கையுறை.
அவளைத்தான் வெளியே அனுப்பினேன்.

இரண்டாம் சுற்றில்
'எப்போதும்' நூற்று முப்பத்தொன்று.
ஒரு மாதத்தில் வலி இவ்வளவு கூடுமா, என்றான் ரெனாத்தோ.
கைப்பேசியை அவன் கையில் கொடுத்தேன்.
மேலாளர் இம்முறை வியப்புக்குறி போடவில்லை.
கணக்கெடுத்த முறை சரிதானா என்று
ஒரே ஒரு கேள்விக்குறி.

'வேறு ஏதாவது?' என்ற பெட்டியில்
ஒருவர் எழுதியிருந்தார்,
பெயர் நாங்கள் கேட்பதில்லை:
எழுத்து இப்போது பெரிதாக இருக்கிறது, நன்றி.
கை அப்படியே இருக்கிறது.